வாடும் பூவும் வாடக்கூடாத வாழ்வும்

வானம் வெளுக்குமுன்னரே தோவாளை விழித்துக் கொள்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று தவழும் அவ்வூர்ச் சந்தையில் பிச்சியும் மல்லிகையும், அரளியும் சம்பங்கியும், வாடாமல்லியும் கொழுந்தும் மலைமலையாய்க் குவிகின்றன. சுற்றூர்த் தோட்டங்களில் பறித்தவற்றோடு, திண்டுக்கல்லிலிருந்தும் ஓசூரிலிருந்தும் வந்தவையும் அங்கே விலைபோகின்றன. பொழுது புலர்ந்து சற்றே ஏறுவதற்குள் அவை நாகர்கோவில் தெருக்களுக்கும் திருவனந்தபுரத்துக் கடைகளுக்கும் பயணப்பட்டு விடுகின்றன. அப்பூக்களின் கடைசிப் பயணம் தெருவோரத்தில் கூடையோடு அமர்ந்திருக்கும் ஏழைப் பெண்ணின் கைகளில்தான் முடிகிறது.

அவ்வம்மையாரின் வணிகத்தைப் போன்ற இடர் மிகுந்த வணிகம் வேறொன்றில்லை. நெல் விற்பவர் விலை வரும்வரை காத்திருக்கலாம். துணி விற்பவர் அடுத்த திருநாள்வரை அடுக்கி வைக்கலாம். பூ விற்பவர்க்கு நாளை என்பதே இல்லை. காலையில் முதலாக இருந்தது மாலையில் குப்பையாகிறது. ஈரத்துணி போர்த்தியும் வாழையிலையில் பொதிந்தும் ஓரிரு நாழிகையை நீட்டிக் கொள்ளலாம். ஒருநாளை நீட்ட முடியாது. அம்முதலும் பெரும்பாலும் அவருடையதன்று. விடியலில் வட்டிக்கு வாங்கி மாலையில் திருப்பிக் கட்டும் தண்டல் பணத்திலேயே எத்தனையோ கூடைகள் நிரம்புகின்றன.

வழக்கமான நாளே இப்படியென்றால் நெருக்கடி நாள் எப்படியிருக்கும்? 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. 2018 ஆகத்தில் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது அரசின் ஓண விழாக்கள் கைவிடப்பட்டன; ஓணத்தை நம்பியிருந்த தோவாளைப் பூவும் அவ்வெள்ளத்தோடு போயிற்று. 2020 மார்ச்சுத் திங்களில் கொரோனா என்னும் மகுடைத் தொற்றால் நாடே அடைக்கப்பட்டது. காய்கறிக்கு வழி விடப்பட்டது, பூவுக்கு விடப்படவில்லை. கோயில்கள் பூட்டப்பட்டன, திருமணத்திற்கு ஐம்பதின்மர்க்கு மேல் கூடலாகாது என்றாயிற்று. பூவுக்கு வேறு புகலிடம் ஏது? சென்னையில் நோய் பரவியதால் மே 5-இல் கோயம்பேட்டு அங்காடியும் மூடப்பட்டது. அதை நம்பித் தள்ளுவண்டி தள்ளியோர் ஒரே நாளில் கொள்முதல் இடத்தை இழந்தனர்.

ஆயினும் அவர்கள் அழிந்துவிடவில்லை. பூக்கூடையில் கீரையையும் கத்தரிக்காயையும் ஏற்றிக் கொண்டனர். முகக்கவசம் விற்றனர். அரைக்கூடை வாங்கி இருவராகப் பகிர்ந்து கொண்டனர். நகையை அடகு வைத்தனர். அது தீர்ந்தபின் மீண்டும் தண்டற்காரனிடமே சென்றனர். இதைக் கண்டு, ‘ஏழைகள் எதையும் தாங்கும் உரம் படைத்தவர்கள்’ என்று மேடைகளில் பாராட்டுவோர் உண்டு. பாராட்டு எளிது! எதை இழந்து தாங்கினார்கள் என்று கேட்டவர் எத்தனை பேர்? கடன்பட்டும், வயிற்றைச் சுருக்கியும், பிள்ளையைப் பள்ளியினின்று நிறுத்தியும் தாங்குவது உரமாகாது. அஃது ஊரார் பார்த்திருக்க நிகழும் உருக்குலைவு.

இவர்களுக்குச் சட்டமே இல்லையா? உண்டு. தெருவில் விற்பதும் குடிமகனின் தொழிலுரிமையே என்று 1989-இல் இந்திய உச்சநயன்மன்றம் சோதன்சிங் வழக்கில் ஏற்றுக் கொண்டது. 2014-இல் தெரு விற்பனையாளர்க்கென்றே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும்வரை எவரையும் அகற்றலாகாது. சான்று பெற்றவரை அகற்றவோ இடம் மாற்றவோ வேண்டின் முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பதின்மருக்குக் குறையாமல் விற்போர் இருத்தல் வேண்டும். அவர்களுள் மூன்றிலொரு பங்கினர் பெண்டிராதல் வேண்டும் என்றெல்லாம் அது கூறுகிறது. பொருளைப் பறித்தால் பட்டியல் தரவேண்டும். அழுகக்கூடிய பொருளாயின், உரியவர் கட்டணம் செலுத்திக் கேட்ட அன்றே திருப்பித் தரவேண்டும் என்றும் விதித்திருக்கிறது.

இக்கடைசி விதி பூக்காரப் பெண்ணுக்கு உயிர் போன்றது. ஏனெனில் அவர் கூடை ஒரு நாள் அலுவலகத் தாழ்வாரத்தில் கிடந்தால் அப்பொருள் போயிற்று; அப்பொருளோடு அன்றைய கடனும் தலைமேல் ஏறிற்று. ஆனால் அவ்விதியை அவருக்கு எவர் சொன்னார்? ஆங்கிலத்தில் எழுதி அரசிதழில் அச்சிட்டுவிட்டால் உரிமை வந்துவிடுமா? அறியப்படாத உரிமை பூட்டிய பெட்டியிலுள்ள பொன். பசித்தவனுக்கு அதனால் என்ன பயன்? 2020 சூனில் நடுவண் அரசு தொடக்கக் கடனாகப் பத்தாயிரம் உருபா தரும் திட்டமொன்றை அறிவித்தது. தண்டற்காரன் பிடியிலிருந்து மீள அது உதவக்கூடியதே. ஆனால் அதற்கிட்ட பெயர் ‘சுவநிதி’! கடன் யாருக்கோ அவர் வாயில் நுழையாத பெயர். அவர் கைக்கு எட்டாத கணினி விண்ணப்பம்!

தோவாளை மண் மொழியுரிமையின் விலையறிந்த மண்ணின் ஒரு பகுதி. தமிழகத்தோடு சேர வேண்டுமென்று கேட்டதற்காக 1954 ஆகத்து 11-இல் தென் திருவிதாங்கூர்த் தமிழர் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையாயினர். 1956 நவம்பர் 1-இல் அவ்வட்டம் தாயகத்தோடு இணைந்தது. அவ்வாண்டிலேயே தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டமும் நிறைவேறிற்று. அவ்விணைப்பின் பொருள் எல்லைக்கல்லை நகர்த்தியதோடு முடிந்து விடுமா? ஆட்சி, எளிய மாந்தரின் மொழியில் பேசவேண்டும் என்பதன்றோ அதன் பொருள்?

நம் மொழிக்குப் பூக்காரர் செய்யும் தொண்டையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பதின்ம அளவை வந்து மரக்காலும் உழக்கும் மறைந்தபின்னும் ‘முழம்’ என்னும் சொல்லைத் தெருத்தெருவாய்க் கூவி வாழவைப்பவர் அவரே. மதுரைக்காஞ்சி காட்டும் அங்காடிகளிலும் பூ விற்போர் உண்டு. அத்துணைத் தொன்மையது இத்தொழில். 2025-இல் தோவாளை மாணிக்கமாலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழத்தக்கதே. மாலையின் பெயருக்குக் காப்பு வந்துவிட்டது. அப்பூவைத் தெருவில் விற்கும் கைக்குக் காப்பு எப்போது?

செய்ய வேண்டியவை மலையன்று. பறித்த பொருளை அன்றே தரவேண்டும் என்னும் விதியை ஒவ்வோர் அங்காடி வாயிலிலும் காவல்நிலையத்திலும் நல்ல தமிழில் எழுதி வைக்கட்டும். சான்றிதழும் அறிவிப்பும் தமிழிலேயே வழங்கப்படட்டும். விடியற்காலைச் சந்தையிலேயே கூட்டுறவுக் கடன் கிடைக்கட்டும். பூவைக் காக்கக் குளிரறையும், புயலும் நோயும் வருங்கால் விற்போர்க்கு ஒதுக்கிய உதவித்தொகையும் அமையட்டும்.

அரசு செய்யும்வரை தமிழன்பர் கைகட்டி இருத்தல் வேண்டா. எழுதப் படிக்கத் தெரிந்த ஒவ்வொருவரும் தம் தெருப் பூக்கார அம்மையாரிடம் இவ்வுரிமையை எடுத்துச் சொல்லலாமே! ஒரு முழத்துக்கு ஓருருபா குறைத்துக் கேட்கும் வாயால் அவர் உரிமையை ஒருமுறை கூறினால் என்ன குறைந்துவிடும்? பூ மாலையில் வாடும், அஃது இயற்கை. அதை விற்பவரும் உடன் வாடுவது இயற்கையன்று. அது நம் பிழை. பிழையெனத் தெரிந்தபின் திருத்தாதிருப்பது தமிழர்க்கு அழகன்று!