ஃபோலிக் அமிலமா, மெத்தில்ஃபோலேட்டா? மாத்திரையின் வகையைவிட முக்கியம் தொடங்கும் நாள்

புதுதில்லி: கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் மருந்துக் கடைக்குச் சென்றால், இன்று இருவகை ஃபோலேட் மாத்திரைகளைக் காண முடிகிறது. ஒன்று, அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவும் கடைகளில் மிகக் குறைந்த விலையிலும் கிடைக்கும் ஃபோலிக் அமிலம். மற்றொன்று, அதைவிடப் பல மடங்கு கூடுதல் விலைக்கு விற்கப்படும் மெத்தில்ஃபோலேட். 'உடல் நேரடியாகப் பயன்படுத்திக்கொள்ளும் வடிவம்' என்ற விளம்பரத்துடன் பின்னது பரவலாகி வருவதால், மலிவான மாத்திரை தரம் குறைந்ததோ என்ற ஐயம் பல குடும்பங்களில் எழுந்துள்ளது.

இதுவரை கிடைத்துள்ள அறிவியல் சான்றுகள் அந்த ஐயத்துக்கு இடமளிக்கவில்லை. சிசுவின் நரம்புக் குழாய் குறைபாட்டைத் தடுப்பதாக மருத்துவப் பரிசோதனைகளில் நிரூபிக்கப்பட்ட வடிவம் ஃபோலிக் அமிலம் மட்டுமே. இந்தியாவின் உண்மையான சிக்கல் மாத்திரையின் வடிவத்தில் இல்லை. அது பெண்களின் கையில் எந்த நாளில், எந்த அளவில் சேர்கிறது என்பதில்தான் உள்ளது.

மூன்று வடிவங்கள்

கீரை, பயறு, கடலை, ஆரஞ்சு போன்ற உணவுகளில் இயற்கையாக உள்ள வைட்டமின் பி9, ஃபோலேட் எனப்படுகிறது. சமைக்கும்போது இதன் கணிசமான பகுதி அழிந்துவிடும். ஃபோலிக் அமிலம் என்பது இதன் செயற்கை வடிவம். வெப்பத்தைத் தாங்கக்கூடியது, நீண்ட நாள் கெடாதது. உணவில் உள்ள ஃபோலேட்டைவிட எளிதாக உடலில் சேரக்கூடியது. உடலுக்குள் சென்றபின் நொதிகளின் உதவியால் மெத்தில்ஃபோலேட்டாக மாறுகிறது. இந்த இறுதி வடிவத்தையே மாத்திரையாக விற்கும்போது, அட்டையில் 'எல்-மெத்தில்ஃபோலேட்' என்று குறிப்பிடப்படுகிறது.

மூன்றாவது வடிவமான ஃபோலினிக் அமிலம், பெயர் ஒற்றுமையால் குழப்பம் தரக்கூடியது. புற்றுநோய் சிகிச்சையில் அதிக அளவு மெத்தோட்ரெக்சேட் மருந்து செலுத்தப்பட்ட பின், அதன் நச்சுத்தன்மையிலிருந்து உடலைக் காக்க இது தரப்படுகிறது. மருத்துவர் பரிந்துரையின்றி வாங்க வேண்டிய பொருள் அல்ல.

இந்த வைட்டமினின் வரலாற்றில் இந்தியாவுக்குத் தனி இடம் உண்டு. 1920-களின் இறுதியில் பம்பாய்க்கு வந்த பிரிட்டிஷ் மருத்துவர் லூசி வில்ஸ், ஏழைக் கர்ப்பிணிகளைப் பாதித்த ஒருவகை ரத்தசோகை ஈஸ்ட் சாற்றால் குணமாவதைக் கண்டறிந்தார். அந்தச் சாற்றில் இருந்த பொருளே ஃபோலேட் எனப் பின்னர் தெரியவந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ் தலைமையிலான குழு, அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் 1940-களின் நடுப்பகுதியில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது.

சான்று எதன் பக்கம்?

முந்தைய பிரசவத்தில் நரம்புக் குழாய் குறைபாடுள்ள குழந்தையைப் பெற்ற பெண்களிடம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் பல நாடுகளில் நடத்திய ஆய்வின் முடிவு 1991-ல் வெளியானது. நாள்தோறும் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டோரிடம் குறைபாடு மீண்டும் ஏற்படுவது 72 சதவீதம் குறைந்திருந்தது. சீனாவில் நடத்தப்பட்டு 1999-ல் வெளியான மற்றொரு பெரிய ஆய்வில், பாதிப்பு அதிகமுள்ள வடக்குப் பகுதியில் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிப்புக்கு முன்பிருந்தே எடுத்துக்கொண்ட பெண்களிடம் 79 சதவீதம் குறைவு பதிவானது.

மெத்தில்ஃபோலேட்டுக்கு இத்தகைய ஆய்வு இல்லை. ரத்தத்தில் ஃபோலேட் அளவை அது நன்றாகவே உயர்த்துகிறது என்பது உண்மை. சில ஆய்வுகளில் ஃபோலிக் அமிலத்துக்கு நிகராகவும், சிலவற்றில் சற்று அதிகமாகவும் உயர்த்தியுள்ளது. ஆனால் குறைபாட்டைத் தடுக்கிறதா என்று அறிய, நிரூபிக்கப்பட்ட மருந்தை ஒரு பிரிவினருக்கு மறுத்துப் புதியதைத் தர வேண்டியிருக்கும். அது மருத்துவ அறத்துக்கு ஒவ்வாதது என்பதால், நேரடிச் சான்று விரைவில் கிடைக்கும் வாய்ப்பு குறைவு.

மரபணு வாதம்

மெத்தில்ஃபோலேட்டுக்கு ஆதரவாக அதிகம் முன்வைக்கப்படுவது 'எம்டிஹெச்எஃப்ஆர்' என்ற மரபணு. இதில் மாறுபாடு உள்ளவர்களின் உடல் ஃபோலிக் அமிலத்தைப் பயன்படுத்தாது என்று கூறப்படுகிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் இதை ஏற்கவில்லை. இவ்வகை மாறுபாட்டின் பரவலான வடிவத்தைப் பெற்றோர் இருவரிடமிருந்தும் பெற்றவர்களின் ரத்தத்தில், அதே அளவு ஃபோலிக் அமிலம் உட்கொள்ளும் பிறரைவிட ஃபோலேட் சுமார் 16 சதவீதம் மட்டுமே குறைவாக இருக்கும் என்றும், அவர்களுக்கும் ஃபோலிக் அமிலமே பரிந்துரைக்கப்படுகிறது என்றும் அம்மையம் தெரிவிக்கிறது. மாத்திரையைத் தேர்ந்தெடுப்பதற்காக மட்டும் மரபணுப் பரிசோதனைக்குச் செலவிடத் தேவையில்லை என்பதே இதன் பொருள்.

28 நாள் கெடு

கருவின் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரும் நரம்புக் குழாய், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. மாதவிடாய் தள்ளிப்போனதை ஒரு பெண் உணரும்போதே அதில் ஏறத்தாழ பாதி நாட்கள் கடந்துவிடும். பரிசோதனை செய்து, மருத்துவரைச் சந்தித்து, மாத்திரை பெறுவதற்குள் மீதியும் முடிந்துவிடுகிறது. அதன்பிறகு தொடங்கும் ஃபோலேட், எந்த வடிவமாக இருந்தாலும், ரத்தசோகையைத் தடுக்க உதவுமே தவிர முதுகெலும்புப் பிளவைத் தடுக்காது.

கருத்தரிப்புக்கு முன்பிருந்தே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது, 2018-ல் தொடங்கப்பட்ட 'ரத்தசோகை இல்லா பாரதம்' திட்டத்தின் வழிகாட்டுதலிலேயே உள்ளது. ஆயினும் நடைமுறையில் மாத்திரை விநியோகம் பெரும்பாலும் கர்ப்பப் பதிவுடன்தான் தொடங்குகிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, முதல் மூன்று மாதங்களில் மருத்துவப் பரிசோதனைக்குச் சென்றவர்கள் 70 சதவீதம். 180 நாட்கள் இரும்புச்சத்து-ஃபோலிக் அமில மாத்திரை உட்கொண்டவர்கள் 26 சதவீதம் மட்டுமே. பல ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பீடுகளின்படி, இந்தியாவில் 1,000 பிறப்புகளில் நான்குக்கும் மேற்பட்டவற்றில் நரம்புக் குழாய் குறைபாடு காணப்படுகிறது.

வளரிளம் பெண்களுக்கும் கர்ப்பமற்ற பெண்களுக்கும் வாரம் ஒருமுறை வழங்கப்படும் மாத்திரையிலும் ஓர் இடைவெளி உள்ளது. அதில் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமே உள்ளது. ஆனால் வாராந்திர மாத்திரையில் 2,800 மைக்ரோகிராம் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2011-லேயே பரிந்துரைத்தது. ரத்தசோகையை இலக்காகக் கொண்ட அளவு, பிறவிக் குறைபாட்டைத் தடுக்கப் போதுமானதல்ல.

செறிவூட்டப்பட்ட அரிசியும் தனியாக இந்த இடைவெளியை நிரப்பாது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தரநிலைப்படி, ஒரு கிலோ அரிசியில் 75 முதல் 125 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உள்ளது. நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி உண்பவருக்கு அதிலிருந்து கிடைப்பது 40 மைக்ரோகிராமுக்கும் குறைவு.

அளவும் பி12-உம்

மாத்திரை அட்டையில் பார்க்க வேண்டிய முதல் தகவல் அளவு. இந்தியக் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 5 மில்லிகிராம் மாத்திரை, பொதுவான தேவையைப் போல் பன்னிரண்டரை மடங்கு. முந்தைய குழந்தைக்கு நரம்புக் குழாய் குறைபாடு இருந்தவர்கள், வலிப்பு நோய்க்கான சில மருந்துகளை உட்கொள்பவர்கள், நீரிழிவு உள்ளவர்கள் போன்றோருக்கு மருத்துவர்கள் இந்த உயர் அளவைப் பரிந்துரைக்கின்றனர். மற்றவர்கள் தாமாகவே இதை மாதக்கணக்கில் தொடர்வது சரியல்ல.

வைட்டமின் பி12 பற்றாக்குறையால் வரும் ரத்தசோகையை அதிக அளவு ஃபோலிக் அமிலம் மறைத்துவிடும். நரம்புப் பாதிப்போ உள்ளுக்குள் தொடரும். சைவ உணவு உண்பவர்கள் அதிகமுள்ள நாட்டில் இது புறக்கணிக்கத்தக்க அபாயம் அல்ல. மெத்தில்ஃபோலேட்டும் பி12 பற்றாக்குறையைச் சரிசெய்யாது. எனவே கை, கால் மரத்துப்போதல், நீடித்த சோர்வு போன்ற அறிகுறிகள் உள்ளவர்கள் முதலில் பி12 அளவைப் பரிசோதிப்பது நல்லது.

மருத்துவர் குறிப்பிட்ட காரணத்துக்காக மெத்தில்ஃபோலேட் எழுதித் தந்திருந்தால் அதைத் தாமாக நிறுத்த வேண்டியதில்லை. ஐயம் இருந்தால் அவரிடமே கேட்டுத் தெளிவு பெறலாம். ஆனால் விலை உயர்ந்ததை வாங்க இயலவில்லை என்பதற்காக மாத்திரையையே தள்ளிப்போடுவதுதான் பெரிய இழப்பு. திருமணப் பதிவின்போதும், குடும்பநல ஆலோசனையின்போதும், கருத்தடைச் சாதனத்தை நிறுத்த விரும்பும் பெண் சுகாதார நிலையத்துக்கு வரும்போதும் அந்தச் சிறிய மாத்திரையை வழங்க முடிந்தால், கெடு முடிந்த பிறகு சிகிச்சை தேடி அலையும் நிலையைப் பல குடும்பங்கள் தவிர்க்கலாம்.