முதலில் யாரிடம் சொல்வது?



கல்லூரித் தேர்வுகள் முடிவடையும் சித்திரை, வைகாசி மாதங்களில் பங்குத் தந்தையரின் அறைக் கதவு மாலை வேளைகளில் தட்டப்படுவதுண்டு. வெளியே ஓர் இளைஞனும் ஓர் இளம்பெண்ணும் நிற்பர். தூத்துக்குடியிலோ பாளையங்கோட்டையிலோ ஒன்றாகப் பயின்றவர்கள். "சாமி, நாங்கள் மணம் செய்துகொள்வதென்று முடிவு செய்துவிட்டோம்" என்பர். எப்போது முடிவு செய்தீர்கள் என வினவினால் சென்ற வெள்ளிக்கிழமை என்று விடை வரும். விரலில் மெல்லிய மோதிரம்கூட ஏறியிருக்கும். வீட்டில் சொல்லியாயிற்றா என்பது நமது அடுத்த வினா. அப்போதுதான் இருவர் தலையும் குனியும்.

கல்லூரித் தோழர் இருபது பேருக்குச் செய்தி தெரிந்திருக்கிறது. மோதிரம் அணிந்த கையின் படம் கைப்பேசிகளில் உலவுகிறது. தெரியாதவர்கள் பெற்ற தாயும் தந்தையும் மட்டுமே! நமது ஏரலோ சுற்றுப்பட்டி ஊர்களெல்லாம் சாமான் வாங்க வந்து கூடும் கடைவீதியைக் கொண்ட ஊர். தூத்துக்குடியிலிருந்து பேருந்து வந்து சேர ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். செய்திக்கு அவ்வளவு நேரம் வேண்டியதில்லை. மளிகைக் கடையில் நிற்கும் தாயிடம் மூன்றாம் தெருப் பெண்மணி, "மகளுக்கு நிச்சயம் ஆயிற்றாமே, எங்களுக்கெல்லாம் சொல்லவில்லையே" என்று கேட்கும் அந்த நொடியை எண்ணிப் பாருங்கள். அன்று இரவு அவ்வீட்டில் எழும் புயலுக்கு மாப்பிள்ளை யார் என்பது பாதிக் காரணம். நமக்குக் கடைசியாகத் தெரிந்ததே என்பது மறுபாதி. நமது அனுபவத்தில் ஆறுவதற்கு நெடுநாள் பிடிப்பது அந்த மறுபாதிதான்.

திடீரென்று எடுத்த முடிவெல்லாம் தவறான முடிவு என நாம் கருதவில்லை. பெண் பார்க்க வந்த வீட்டில் கொடுத்த காப்பி ஆறுவதற்குள் 'சம்மதம்' சொல்லிவிடும் வழக்கமுள்ள நாம், மூன்றாண்டு ஒரே வகுப்பில் பழகியவர்களை அவசரக்காரர்கள் என்பது பொருந்தாது. ஆகவே முடிவின் வேகத்தை விட்டுவிடுவோம். அது வீட்டுக்கு வந்து சேரும் விதத்தைப் பற்றியே இம்மாதம் பேச விரும்புகிறோம்.

மறைநூலில் இத்தகைய திடீர் மணம் ஒன்று உண்டு. தோபித்து நூலை வீட்டில் எடுத்து வாசியுங்கள், சிறிய நூல்தான். தந்தை கொடுத்து வைத்த பணத்தை வாங்கி வரப் புறப்பட்ட தோபியா, வழியில் எக்பத்தானாவில் உறவினர் இரகுவேலின் வீட்டில் தங்குகிறான். அன்றே அவர் மகள் சாராவை மணமுடிக்கப் பேச்சு எழுகிறது. பேசி முடிக்கும்வரை உணவில் கை வைக்க மாட்டேன் என்கிறான் பையன். இரகுவேல் மறைக்கத்தக்கதை மறைக்கவில்லை. இவளை முன்பு எழுவருக்குக் கொடுத்தேன், எழுவரும் மணநாள் இரவிலேயே இறந்தனர் என்று முதலிலேயே உரைத்துவிடுகிறார். பெண் வீட்டார் சொல்லத் தயங்கும் செய்தி இதைவிட வேறு என்ன இருக்க முடியும்?

மணம் முடிந்தது, பதினான்கு நாள் விருந்து. ஆயின் நினிவேயில் நடப்பது என்ன? தாய் அன்னா நாள்தோறும் வெளியே போய், மகன் சென்ற பாதையையே பார்த்துக் கொண்டிருக்கிறாள். பொழுது சாய்ந்ததும் உள்ளே வந்து இரவெல்லாம் அழுகிறாள். மகன் இறந்துவிட்டான் என்றே நம்பத் தொடங்கிவிட்டாள். இங்கே விருந்து, அங்கே அழுகை! விருந்து நாள்கள் முடிந்தவுடன் தோபியா மாமனாரிடம் விடை கேட்பதற்குக் காரணமும் அதுவே: பெற்றோர் நாளை எண்ணிக் கொண்டிருப்பர் என்பது அவனுக்குத் தெரியும். ஊர் நெருங்கியதும் மனைவிக்கு முன்பாக அவன் விரைந்து வீட்டுக்குச் செல்கிறான். சாரா நகர வாயிலுக்கு வந்து சேருமுன் தந்தைக்குச் செய்தி தெரிந்துவிடுகிறது. முதியவர் தோபித்து தாமே வாயில்வரை நடந்து சென்று மருமகளை வாழ்த்தி அழைத்து வருகிறார். மருமகள் தெருவில் வந்து நின்ற பிறகு அவளை யாரென்று கேட்கும் நிலை அந்தத் தந்தைக்கு வரவில்லை.

இனி, திருச்சபைச் சட்டம் என்ன சொல்கிறது? பெற்றோர் பலரும் நம்மிடம் வந்து, "எங்கள் சம்மதம் இல்லாமல் கோவிலில் எப்படிச் சாமி மந்திரிக்கலாம்?" என்று கேட்பர். அவர்களுக்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்று: 1563-ஆம் ஆண்டிலேயே திரெந்து பொதுச்சங்கம், பெற்றோரின் இசைவின்றிப் பிள்ளைகள் செய்துகொண்ட மணம் செல்லாது என்போரின் கொள்கையை மறுத்துவிட்டது. மணமக்களின் சம்மதமே மணத்தை ஆக்குகிறது. ஆயின் அதே சங்கம், அதே ஆணையில், மறைவில் செய்துகொள்ளும் மணத்திற்கு முற்றுப்புள்ளி வைத்தது. பங்குத் தந்தையும் இரண்டு அல்லது மூன்று சாட்சிகளும் முன்னிற்க வேண்டும். அதற்கு முன் மக்கள் கூடிய வழிபாட்டில் மும்முறை அறிவிக்க வேண்டும் என்றது. இதுவே நாம் 'ஓலை வாசித்தல்' என்று வழங்கும் முறை. 1215-ஆம் ஆண்டின் நான்காம் இலாத்தரன் சங்கமே இதனைத் திருச்சபை முழுவதற்கும் விதித்திருந்தது.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் திருச்சபையின் மனம் விளங்கும். பெற்றோரின் அனுமதியை அது மணத்தின் உயிராக வைக்கவில்லை. ஒளிவுமறைவை மட்டும் ஏற்க மறுத்தது. மகன் தந்தையிடம் வந்து சொல்வது உத்தரவு கேட்பதற்கு மட்டும் என்று இரு தரப்பாரும் நினைப்பதால்தான் இவ்வளவு தொல்லை. உத்தரவு கிடைக்காது என்று அஞ்சுகிறவன் சொல்லாமலே இருந்துவிடுகிறான். சொன்னால் உத்தரவு கொடுத்ததாகிவிடும் என்று அஞ்சுகிற தந்தை காதைப் பொத்திக் கொள்கிறார்.

மண ஒப்பந்தம் என்பது மணமன்று என்பதையும் இளைஞர் அறிய வேண்டும். 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, மண வாக்குறுதி எழுத்தில் இருக்க வேண்டும். இருவரும் கையொப்பமிட வேண்டும். பங்குத் தந்தையோ, மறைமாவட்டத் தலைவரோ, இரு சாட்சிகளோ உடன் ஒப்பமிட வேண்டும் என்றது. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பு அம்முறைகளை அந்தந்த நாட்டு ஆயர் பேரவைக்கு விட்டுவிட்டது. இரண்டு தொகுப்புகளும் ஒன்றை உறுதியாகச் சொல்கின்றன: வாக்குக் கொடுத்ததைக் காட்டி ஒருவரை மணமேடைக்கு இழுத்துவர முடியாது. நஷ்டம் ஏற்பட்டிருந்தால் ஈடு கேட்கலாம், அவ்வளவே. அதாவது ஒப்பந்த காலம் திரும்பிப் பார்ப்பதற்கும் இடமளிக்கும் காலம். மோதிரம் போட்டுவிட்டோமே, இனி எப்படி என்று கலங்கி நிற்கும் பெண்பிள்ளைகளுக்காக இதனைச் சற்று அழுத்திச் சொல்கிறோம்.

நம் தமிழ்நாட்டிலேயே கல்லூரியில் தொடங்கிய உறவொன்று உலகறிந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்றவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். அதே கல்லூரியில் அவருக்கு ஓராண்டு பின்னவர் லலிதா துரைசாமி. 1930-இல் சந்திரசேகர் மேற்படிப்புக்காகக் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். ஆறாண்டுகள் கடல் நடுவே. கடிதங்களே துணை. அதற்கிடையில் 1931-இல் அவருடைய அன்னை சீதாலட்சுமி காலமானார். 1936-இல் சந்திரசேகர் தாயகம் திரும்பினார். அவ்வாண்டு செப்டம்பரிலேயே இருவருக்கும் மணம் நிகழ்ந்தது. பெரியோர் பார்த்து முடிக்கும் மணமே வழக்கமாயிருந்த அக்காலத்தில் அவர்கள் தாமே தேர்ந்துகொண்ட மணம் அது. வந்த சில வாரங்களில் மணம் என்றால் பார்ப்பவர்க்குத் திடீர்க் கல்யாணம்தான். அதன் பின்னே ஆறாண்டுக் காத்திருப்பு இருந்தது. 1983-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றபோது எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பிலும், மனைவியின் பொறுமையும் ஆதரவும் தம் வாழ்வின் நடுநாயகமான உண்மைகள் என்று அவர் குறித்தார். 1995-இல் அவர் மறையும்வரை, ஏறத்தாழ 59 ஆண்டுகள், அந்த இல்லறம் நீடித்தது.

காந்தியடிகளின் மகன் தேவதாசும் இராசாசியின் மகள் இலட்சுமியும் ஒருவரையொருவர் விரும்பியது 1927-இல். பெண்ணுக்கு அப்போது மிக இளவயது. தந்தையர் இருவரும் நண்பர்கள். எனினும் உடனே இசையவில்லை. ஐந்தாண்டு பிரிந்திருங்கள், அதன் பின்னும் மனம் மாறாதிருந்தால் பார்ப்போம் என்றனர். மனம் மாறவில்லை. 1933 சூன் 16-ஆம் நாள் பூனாவில் மணம் நடந்தது. ஐந்தாண்டு மிகக் கடுமையான விதி என்பதே நம் கருத்து. இக்காலப் பிள்ளைகளிடம் ஐந்து மாதம் கேட்பதே பெரிது. ஆயினும் அந்தத் தந்தையர் 'முடியாது' என்று கூறிக் கதவடைக்கவில்லை. நாள் குறித்தார்கள், குறித்த சொல்லைக் காத்தார்கள். அவ்வாறு நாள் குறிக்க இயன்றது, பிள்ளைகளின் மனம் அவர்களுக்குத் தெரிந்திருந்ததால்.

சொல்ல அஞ்சுவது ஏன் என்று பெற்றோரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இதை மென்மையாகச் சொல்ல வழியில்லை. 2025 சூலையில் நமது ஏரல் வட்டாரத்து இளைஞர் ஒருவர் பாளையங்கோட்டையில் வெட்டிக் கொல்லப்பட்டார். வேறு சாதிப் பெண்ணொருத்தியோடு அவருக்கிருந்த உறவே காரணம் என்று வழக்குத் தொடரப்பட்டது. படித்தவர், வேலையில் இருந்தவர். அந்த வீட்டின் அழுகை நமக்குத் தூரத்துச் செய்தியன்று. திருமுழுக்குத் தொட்டியில் நாம் கேட்காத சாதியைப் பெண் கேட்கப் போகும்போது மட்டும் முதலில் கேட்கிறோமே, அது எந்த மறைக்கல்வியில் படித்தது? வயது வந்த இருவர் மணக்க இசைந்தால் குடும்பத்தின் இசைவோ சமூகத்தின் இசைவோ தேவையில்லை என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மிரட்டலுக்குள்ளாகும் இணையருக்குக் காவல்துறை பாதுகாப்பளிக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. ஆதலின், வீட்டில் சொன்னால் உயிருக்கு ஆபத்து என அஞ்சும் பிள்ளைகளுக்கு, "முதலில் வீட்டில் சொல்" என்ற நமது அறிவுரை பொருந்தாது. அவர்கள் முதலில் நம்மிடமோ, நம்பத்தக்க வழக்கறிஞரிடமோ, காவல் அதிகாரியிடமோ வரட்டும். தனியே வீட்டுக்குப் போய்ச் சொல்லத் துணிய வேண்டாம்.

பெரும்பாலான வீடுகளில் அவ்வளவு அச்சம் இல்லை, சங்கடம்தான் உண்டு. மூத்தவள் மணமாகாமல் இருக்கிறாள் என்பது ஒன்று. அப்படிப்பட்ட வீட்டில் தம்பியோ தங்கையோ, அப்பாவிடம் சொல்லுமுன் அக்காளிடம் தனியே சொல்வது நன்று. அவள் கண்ணீர் விட்டாலும் சரி, அதைக் கூடத்தில் எல்லார் முன்னும் விடச் செய்யலாகாது. கடன் மற்றொன்று. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி கரை மீறி ஏரலுக்குள் புகுந்து வாழையையும் கடைச் சரக்கையும் அழித்துச் சென்றதை மறக்க முடியுமா? அதன் சுமையை இன்னும் தாங்கி நிற்கும் தந்தை, 'மணம்' என்ற சொல் காதில் விழுந்தவுடன் மாப்பிள்ளையை எண்ணுவதில்லை, வட்டியை எண்ணுகிறார். அவர் முகம் கறுப்பது உங்கள் தேர்வைக் குறித்தன்று. "இப்போது செலவு வேண்டாம் அப்பா, படிப்பு முடிந்து வேலை கிடைத்த பிறகுதான்" என்ற ஒரு வாக்கியத்தை முன்னரே சொல்லிப் பாருங்கள். பாதிக் கோபம் அடங்கிவிடும்.

கடை அடைத்து இரவு பத்து மணிக்குச் சோற்றுக்கு அமர்ந்தவரிடம் சொல்ல வேண்டாம். கைப்பேசியில் எழுதி அனுப்பவே வேண்டாம். விடுதியிலிருந்து வந்து, உட்கார்ந்து, முகம் பார்த்துச் சொல்லுங்கள். அம்மாவிடம் மட்டும் சொல்லி அப்பாவிடம் மறைக்கச் சொல்வது அந்தத் தாயைக் கணவனுக்கு எதிரே கள்வியாக்குவது. தாய்மாமனுக்கு அன்றே ஆளனுப்புங்கள். அவர் பின்னால் அறிந்து பந்தலில் முறுக்கிக் கொண்டு நிற்பதை நாம் எத்தனை மணவிழாக்களில் பார்த்திருக்கிறோம்!

பெற்றோரே, நீங்கள் செய்ய வேண்டியது குறைவு. பிள்ளை சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள். அன்றே விடை சொல்லாதீர்கள். "பையன் யார்" என்று கேட்குமுன் "எத்தனை நாளாக இதை மனத்தில் வைத்திருந்தாய்" என்று கேட்டுப் பாருங்கள். பிறகு அவனை வீட்டுக்கு அழைத்து ஒருவேளை உணவு கொடுங்கள்.

நடைமுறை பற்றிச் சில சொற்கள். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறையாமல் நாட்டுச் சட்டம் மணத்தை அனுமதிப்பதில்லை. ஆகவே இரண்டாமாண்டு மாணவர் ஓலைக்கு அவசரப்பட வேண்டியதில்லை. நாசரேத்து, சாயர்புரம் பகுதிகளைச் சேர்ந்த தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பங்களில் சம்பந்தம் பேசுவோர் ஆயரின் அனுமதிக்காகவும், பிற சமயத்தவரை மணப்போர் அதற்குரிய விலக்குக்காகவும் போதிய நாள் வைத்து எழுதிக் கொடுக்க வேண்டும். திருமணத் தயாரிப்புப் பயிற்சிக்கு இருவரும் சேர்ந்தே வர வேண்டும். ஓலை, மணமகன் பங்கிலும் மணமகள் பங்கிலும் வாசிக்கப்படும். வீட்டில் ஆச்சி இருந்தால் முதல் ஓலைக்கு முந்தின சனிக்கிழமைக்குள் அவருக்கும் சொல்லிவிடுங்கள். ஞாயிறு முதல் பூசைக்கு வந்து முன்வரிசையில் அமர்ந்து கேட்கிறவர் அவர்தாம்.