திரும்பும் வண்டியை முதலில் பாருங்கள்



அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நாட்கள் இவை. "எங்கேயாவது அழைத்துக்கொண்டு போங்கள்" என்னும் குரல் இந்நேரம் உங்கள் இல்லங்களில் எழுந்திருக்கும். நம் இல்லத்திலும் எழுந்துவிட்டது. இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் இக்கரையில் வாழும் நமக்கு வெளியூர்ப் பயணம் என்றால் பெரும்பாலும் மூன்றே காரணங்கள்: திருமணம், துக்கம், வேளாங்கண்ணி. காலையில் குடும்பத்தோடு புறப்பட்டு, ஓரிடத்தைக் கண்டு, இரவுக்குள் இல்லம் சேர்வது வசதி படைத்தோர் வழக்கம் என்றே நம்மில் பலர் ஒதுக்கிவிட்டோம்.

உண்மை அதற்கு நேர்மாறானது. 1841ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் இங்கிலாந்தில் தாமஸ் குக் என்பவர் ஏறத்தாழ ஐந்நூறு பேரை லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோ என்னும் ஊருக்கு இரயிலில் அழைத்துச் சென்று அன்றே திரும்பினார். தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். அது மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்கான பயணம். இன்று உலகெங்கும் சுற்றுலா என்று பெருந்தொழிலாக வளர்ந்திருப்பதன் தொடக்கங்களுள் அந்த ஒரு நாள் உலாவும் ஒன்று. அடுத்த பதினைந்தே ஆண்டுகளில், 1856 ஜூலை 1ஆம் நாள், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் வண்டி புறப்பட்டது எங்கிருந்து? நம் இராயபுரத்திலிருந்து, வாலாஜா ரோடு நோக்கி. அந்த நிலையக் கட்டடத்தைக் கடந்துதான் நம்மில் பலர் நாள்தோறும் வேலைக்குப் போகிறோம். உலாப் போக நமக்கு உரிமை உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

உரிமை இருந்தால் போதுமா? திட்டம் வேண்டுமே. நாம் திட்டமின்றிச் சென்று பட்ட பாட்டை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் வீட்டுத் தலைவருக்கு வார ஓய்வு செவ்வாய்க்கிழமையாக அமைந்திருந்தது. ஷிப்ட் முறையில் வேலை செய்யும் குடும்பங்களுக்கு ஞாயிறு என்பது நாட்காட்டியில் மட்டுமே சிவப்பு. ஒரு செவ்வாயன்று பிள்ளைகளுக்கும் விடுமுறை கிடைக்கவே, பாட்டியையும் அழைத்துக்கொண்டு வண்டலூருக்குப் புறப்பட்டோம். பாட்டிக்கு அது இன்னும் 'உயிர்க் காலேஜ்'தான். மூர் மார்க்கெட்டுக்குப் பின்புறம் விலங்குகள் இருந்த காலத்தில் அவர் கண்டது. 1985இல் அது வண்டலூருக்கு மாறிய பின் பார்த்ததில்லை. கடற்கரை நிலையம் சென்று, மின்சார இரயிலில் ஒன்றரை மணி நேரம் நகர்ந்து, வாயிலை அடைந்தால் கதவு சாத்தியிருந்தது. உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை வார விடுமுறை. தெரு ஓரத்து மரத்தடியில் பத்தரை மணிக்கே புளிச்சோற்றைப் பிரித்து உண்டோம். அன்று பிள்ளைகள் கண்ட ஒரே விலங்கு எங்கள் அருகில் வந்து அமர்ந்த தெருநாய். பாட்டி மட்டும் மனம் தளராமல், "நாயும் உயிர்தானே" என்றார்.

அன்று முதல் நம் இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. எங்கே போவது என்று பேசுமுன், எப்பொழுது, எவ்வண்டியில் திரும்புவது என்று எழுதி வைப்போம். மறுநாள் காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போக வேண்டியவர் வீட்டில் இருக்கிறார் அல்லவா? மாலை ஏழுக்கு வீட்டில் இருக்க வேண்டுமாயின், ஐந்தரைக்கு வண்டியில் இருக்க வேண்டும். நான்கரைக்குப் பேருந்தில் ஏற வேண்டும். இப்படியே பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்தால் காலையில் எப்போது புறப்பட வேண்டும் என்பது தானே விளங்கும். நேரம் போதவில்லையெனில், பார்க்க வேண்டிய இடங்களில் ஒன்றைக் குறைப்போமேயன்றி, இடைவேளைகளைக் குறைப்பதில்லை. கும்மிடிப்பூண்டித் தடத்தில் ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்ததற்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது அவ்வழி செல்வோர்க்குச் சொல்லாமலே தெரியும்.

இன்னொன்று. உலாவின் முதல் நாளிரவு வீட்டில் உறங்காதிருப்பவர் யார்? தாய்தான். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து ஏழு பேருக்குச் சோறு கட்டி, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, வண்டியில் ஏறியதும் தூங்கி விழுபவரும் அவரே. அவருக்கு அது உலாவன்று. இடம் மாறிய சமையற்கட்டு. ஆகையால் புளிக்காய்ச்சலை இரண்டு நாள் முன்பே காய்ச்சி வைத்துவிடுங்கள். காலையில் சோறு வடித்துக் கிளறினால் போதும். தயிர்ச்சோற்றைப் பாலில் பிசைந்து ஒரு கரண்டித் தயிர் மட்டும் கலந்தால் நண்பகலில் பதமாக இருக்கும். தேங்காய் சேர்ந்த எதுவும் வேண்டா. பொட்டலம் கட்டுவதும் தண்ணீர்ப் புட்டிகளை நிரப்புவதும் தந்தையும் வளர்ந்த பையன்களும் செய்ய வேண்டிய வேலைகள். அவர்கள் கைகளுக்கு அது ஒன்றும் கடினமன்று.

தண்ணீர் என்றதும் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று உண்டு. நம் பெண்கள் வெளியே செல்லும் நாளில் தண்ணீர் குடிப்பதில்லை. காரணத்தை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மாலையில் தலைவலி என்று மட்டும் சொல்வார்கள். வழியில் கழிப்பிடம் எங்கெங்கே உள்ளது, நிலையத்திலா, ஆலய வளாகத்திலா, உணவு விடுதியிலா என்று முன்கூட்டியே விசாரித்து வைப்பது குடும்பத் தலைவரின் கடமை. பார்க்கும் இடங்களின் பட்டியலைவிட இந்தப் பட்டியல் முக்கியமானது.

இனி இடத்துக்கு வருவோம். விசைப்படகுத் தொழிலில் உள்ள குடும்பங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலமே ஓய்வுக்காலம். ஆனால் அப்போது வெயிலும் கடுமை, கைப்பணமும் குறைவு. இந்த மார்கழித் தட்பவெப்பத்தில், வடசென்னைக்கு மிக அருகில், மிகக் குறைந்த செலவில் போகக்கூடிய இடமாக நாம் கருதுவது பழவேற்காடு. தெற்கே மாமல்லபுரம் செல்வோர் முதலில் நகரத்தின் நெரிசல் முழுவதையும் கடக்க வேண்டும். நாமோ வடக்கு விளிம்பிலேயே இருக்கிறோம். ஒருமுறையேனும் இந்த விளிம்பு நமக்குப் பயன்படட்டுமே!

திருவொற்றியூரிலோ விம்கோ நகரிலோ கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறினால் எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் தாண்டிப் பொன்னேரி. பிள்ளைகளைச் சன்னலோரம் அமர்த்துங்கள். எண்ணூருக்கு அப்பால் கொசஸ்தலையாற்றின் கழிமுகப் பரப்பையும் அனல் மின் நிலையப் புகைபோக்கிகளையும் காணலாம். ஒரு காலத்தில் சென்னை வெள்ளையர்கள் காற்று வாங்க வந்த இடம் எண்ணூர் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது இதே கழிமுகத்தில் எண்ணெய் பரவி மீனவர் வலைகளும் படகுகளும் கறுத்துப் போனதை அவர்களே கண்டிருக்கிறார்கள். தந்தை உழைக்கும் இடமும் பாட்டன் மீன் பிடித்த நீரும் ஒரே சன்னலில் தெரியும் பயணம் இது. கேள்விகள் வரும், பதில் சொல்லத் தயாராக இருங்கள்.

பொன்னேரியிலிருந்து பேருந்தில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக, நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. ஸ்ரீஹரிகோட்டாத் தீவே அதனைக் கடலிலிருந்து பிரிக்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை இங்கே பூநாரைகளைக் காணலாம். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் நுழைத்து, நுண்ணிய பாசியையும் சிற்றிறாலையும் அரித்து உண்ணும் பறவை அது. அந்த உணவில் உள்ள நிறமியே அதன் சிறகுக்கு இளஞ்சிவப்பைத் தருகிறது. கூழைக்கடாக்களும் உண்டு. பறவைகள் நம் சௌகரியப்படி கரையருகே வந்து நிற்கும் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிட வேண்டா.

ஊருக்குள் டச்சுக்காரர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1613இல் இங்கே கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டி, 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை, சோழமண்டலக் கரை வாணிகம் முழுவதையும் டச்சுக்காரர் இங்கிருந்தே நடத்தினர். கோட்டை மறைந்தது; கல்லறைகள் நிற்கின்றன. வாயிலில் செதுக்கப்பட்டுள்ள எலும்புக்கூடுகளைக் கண்டு நம் இளைய மகள் முதலில் அஞ்சினாள். பிறகு அவ்விடத்தை விட்டு நகர மறுத்தாள். இங்கிருந்து கப்பலேறிய துணிகளின் நினைவாக, மலேசியாவில் கைலிக்கு இன்றும் 'காயின் பெலிக்காட்' என்றே பெயர். வீட்டில் தாத்தா உடுத்தும் கைலிக்கும் இந்த ஊருக்கும் உறவு உண்டென்று சொல்லிப் பாருங்கள், வரலாற்றுப் பாடம் கசக்காது. போர்த்துக்கீசியர் காலத்தில் தொடங்கிய மகிமை மாதா ஆலயமும் இங்கேதான். பனையோலையில் பெட்டி முடையும் பெண்களிடம் ஒன்றேனும் வாங்கி வாருங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இவ்வூரைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாததைச் சொல்கிறோம். 2011 டிசம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்து பிறப்பு நாள். உறவினர் கூட்டமாக விடுமுறையைக் கழிக்க வந்தவர்கள் ஏறிய படகு பழவேற்காட்டில் கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். பெண்களும் குழந்தைகளும் அதில் இருந்தனர். அவர்களும் காலையில் நம்மைப் போலவே சோறு கட்டிக்கொண்டு புறப்பட்டவர்கள்தாம்.

"நாம் கடற்கரையில் பிறந்தவர்கள், நமக்கு நீர் புதிதா?" என்று நம் பகுதி ஆண்கள் சொல்வதுண்டு. நம் உறவில் வயது முதிர்ந்த மீனவர் ஒருவர் இருக்கிறார். தொழிலுக்குப் போகும் படகில் ஒவ்வொருவருக்கும் இடம் உண்டு, அவரவர் இடத்தில் இருப்பார். உலா வந்த கூட்டமோ ஒரு பறவை தெரிந்தால் எல்லாரும் ஒரே பக்கம் சாய்வார்கள் என்று அவர் விளக்கினார். முகத்துவாரத்தில் ஏரி நீரும் கடல் நீரும் மோதும்; மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். அங்கே குளிப்பதும் படகேறுவதைப் போன்றே ஆபத்தானது. உயிர்காப்பு மேலாடை இல்லாத படகில், யார் அழைத்தாலும், எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் ஏறாதீர்கள்.

இந்த முடிவைக் கரையில் நின்று எடுக்க இயலாது. அங்கே பிள்ளை அழும்; மைத்துனர் கேலி செய்வார்; "எத்தனையோ பேர் போகிறார்களே" என்று ஒருவர் சொல்வார். ஆதலால் முதல் நாளே, வீட்டிலேயே, "நாளை படகு இல்லை" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். படகுக்குப் பதிலாகப் பாலம் இருக்கிறது. கலங்கரை விளக்கக் குப்பத்துக்குச் செல்லும் அப்பாலத்தின் ஓரமாக நின்றால் ஏரியின் விரிவும், வலை வீசுவோரும், திரும்பும் படகுகளும் தெரியும். நாம் அங்கே ஒரு மணி நேரம் நின்றோம். பிள்ளைகள் படகை மறந்து, படகுகளை எண்ணத் தொடங்கினார்கள்.

இவ்வளவு தூரம் இயலாத முதியோர் உள்ள வீடுகளுக்குப் பரங்கிமலை ஏற்றது. 2021 முதல் விம்கோ நகர் வரை மெட்ரோ இரயில் வந்துவிட்டதால் ஆலந்தூரில் ஒருமுறை மாறினால் போதும். அடுத்த நிலையம் பரங்கிமலை. படியேற இயலாதோர்க்கு வண்டிப் பாதை உண்டு. மேலே 1547இல் கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவையைப் பெரியோர் காணலாம். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களைச் சிறுவர் காணலாம்.

பழவேற்காட்டுக்கு நாம் சென்ற நாளில், நான்கரை மணிப் பேருந்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே நிறுத்தத்தில் இருந்தோம். இன்னும் சிறிது நேரம் என்று மூத்தவன் முகம் சுளித்தான். பொன்னேரியில் வண்டி சிறிது தாமதமாகவே வந்தது. அதற்கும் நம் கணக்கில் இடமிருந்தது. திருவொற்றியூரில் இறங்கும்போது இளையவள் தந்தையின் தோளில் உறங்கிப் போயிருந்தாள், ஓலைப்பெட்டியை விடாமல் பிடித்தபடி. அன்றிரவு வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. மிச்சமிருந்த புளிச்சோற்றைப் பாட்டிக்கு எடுத்து வைத்துவிட்டு, மற்றவர்கள் தெருமுனையில் இட்லி வாங்கி உண்டோம்.