முதலில் உறக்கம், பிறகு முகமூடி

ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோயைப் பிரான்சில் ‘ஷார்கோ நோய்’ என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டில் அதை விவரித்த பாரிஸ் நரம்பியல் மருத்துவரின் பெயர் அது. கை, கால், நாக்கு என்று தளர்ந்துகொண்டே வந்து, கடைசியில் மூச்சுத் தசைகள் ஓய்கின்றன. முதலில் இரவில் மட்டும் மாட்டிய மூச்சுக் கருவியின் முகமூடியைப் பிறகு பகலிலும் கழற்ற முடியாது. பட்டை அழுத்திய மூக்குத் தண்டு புண்ணாகிவிடும். ‘போதும், கழற்றுங்கள்’ என்று நோயாளி சொன்னால் மருத்துவர் கேட்டாக வேண்டும். ஆனால் விழித்திருக்கும்போதே கழற்றினால் அவர் மூச்சுக்குத் தவித்துத் தவித்துத்தான் சாவார். 2016 பிப்ரவரி 2இல் வந்த க்ளேஸ்–லியோனெத்தி சட்டம் இந்த நிலைக்கும் சேர்த்துத்தான் சாகும்வரை ஆழ்ந்த மயக்கத்தைக் கேட்கும் உரிமையைத் தந்தது. அந்த மயக்கம் கழற்றுவதற்கு முன்பே வந்தாக வேண்டும், திணறல் தொடங்கியபின் அல்ல என்பதே என் வாதம்.

இந்த மயக்கம் மெதுவாகச் செய்யும் கருணைக்கொலை என்கிறார்கள் சிலர். இத்தாலியில் 518 புற்றுநோயாளிகளைக் கவனித்து 2009இல் வெளியான ஆய்வில், மயக்கத்தில் வைக்கப்பட்டவர்கள் நடுமதிப்பாக 12 நாளும் மற்றவர்கள் 9 நாளும் வாழ்ந்தார்கள். அது வேறு நோய். அப்படியே இங்கே பொருத்துவது சரியாகாது. அதைவிட வலுவான சாட்சி மருந்தின் அளவுதான். மிடாசோலம் என்ற மயக்க மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, நெற்றிச் சுருக்கம் விலகுகிறதா, தொட்டால் இமை அசைகிறதா என்று பார்த்து, தேவையான அளவோடு நிறுத்துகிறார்கள். கொல்ல நினைப்பவர் இப்படி நிறுத்தி நிறுத்திக் கொடுக்க மாட்டார். உயிரை எடுப்பது நோய். வலி தணிக்கும் மருந்தால் ஆயுள் குறையக்கூடும் என்றாலும், சாவு நோக்கமாக இல்லாதவரை அதைக் கொடுக்கலாம் என்று 1957இல் மருத்துவர்களிடம் சொன்னவர் போப் பன்னிரண்டாம் பயஸ். கருணைக்கொலையை ஆதரித்தவர் அல்ல அவர்!

சாவு நெருங்காதவர்களுக்கு 2016 சட்டம் போதவில்லை என்ற குறை நியாயமானதே. மரணத்துக்கு உதவும் மசோதாவை 2025 மே 27இல் தேசியப் பேரவை முதல் வாசிப்பில் நிறைவேற்றியதற்கும் அந்தக் குறை ஒரு காரணம். அந்த விவாதம் எங்கே போய் முடிந்தாலும் முகமூடியோடு இருப்பவரின் தேவை மாறாது. 2016 சட்டம் முன்கூட்டியே எழுதும் விருப்ப ஆவணத்துக்கும் வலு சேர்த்தது. இந்த நோயில் சிலருக்குச் சிந்தனையும் தடுமாறும். குரலோ பலருக்குச் சீக்கிரமே போய்விடும். ஆகவே முகமூடியை முதன்முதலாக மாட்டும் நாளிலேயே, அதை எப்படிக் கழற்றுவோம் என்பதையும் மருத்துவர் பேசியாக வேண்டும்.