பிரேத மனிதன்: புராஜெக்ட்டை முடித்துவிட்டு ஓடியவனின் கதை

முதலில் ஒரு கேள்வி. ஃபிராங்கன்ஸ்டைன் யார்?

"கழுத்தில் போல்ட் மாட்டிக்கொண்டு, தட்டைத் தலையோடு நடக்குமே, அந்தப் பூதம்தானே?" என்கிறீர்களா? போன வருஷம் வரை நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அந்த உருவம் 1931இல் வந்த ஹாலிவுட் படம் கொடுத்தது. 1818இல் மேரி ஷெல்லி எழுதிய நாவலில் ஃபிராங்கன்ஸ்டைன் பூதமே இல்லை. நம்மைப் போல ஒரு ஸ்டூடன்ட். 17 வயதில் ஊரை விட்டு வெளியூர் யுனிவர்சிட்டிக்குப் படிக்கப் போன பையன்.

இந்தக் குழப்பம் தமிழில் மட்டும் வந்திருக்கவே வேண்டாம். ஏனென்றால் 1940களிலேயே இதைத் தமிழில் கொண்டுவந்த புதுமைப்பித்தன் வைத்த தலைப்பு 'பிரேத மனிதன்'. ஆங்கிலத் தலைப்பில் இருப்பது செய்தவன் பெயர். தமிழ்த் தலைப்பில் இருப்பது செய்யப்பட்டவன். பெயர்கூட வைக்கப்படாத அந்த ஜீவனுக்கு அட்டையில் இடம் கொடுத்தவர் நம்ம ஆள். 'காஞ்சனை'யில் பேய் உண்டா இல்லையா என்று கடைசி வரை பிடிகொடுக்காமல் நம்மைத் தவிக்கவிட்டவருக்கு, இந்த நாவலில் பயம் எங்கே இருக்கிறது என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது.

கதை இதுதான். விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் கிட்டத்தட்ட 2 வருஷம் தூக்கம், சாப்பாடு, வீட்டுக்குக் கடிதம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரே புராஜெக்ட்டில் உட்காருகிறான். செத்த உடம்புகளிலிருந்து பாகங்களைச் சேர்த்து, 8 அடி உயரத்தில் ஓர் உடல். ஒரு நவம்பர் ராத்திரி அது கண் திறக்கிறது. உடனே அவன் என்ன செய்கிறான் தெரியுமா? பார்க்கச் சகிக்காமல் ரூமை விட்டு ஓடிவிடுகிறான். அவ்வளவுதான். அதற்கப்புறம் நாவலில் விழும் ஒவ்வொரு பிணத்துக்கும் மூலகாரணம் இந்த ஓட்டம்தான் என்பது என் கட்சி.

அந்த ஜீவன் ஆரம்பத்தில் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. ஓர் ஏழைக் குடும்பத்தை மறைந்திருந்து பார்த்தே பேசக் கற்றுக்கொள்கிறது. ராத்திரியில் அவர்களுக்கு விறகு சேர்த்து வைக்கிறது. காயும் கனியும்தான் அதற்குச் சாப்பாடு. ஆனால் பார்க்கிறவர்கள் எல்லாம் அலறி அடிக்க வருகிறார்கள். செய்தவனோ திரும்பிப் பார்க்கவே இல்லை. அப்புறம்தான் அது கொலையில் இறங்குகிறது. முதலில் சாவது விக்டரின் சின்னத் தம்பி. பழி விழுவதோ அவன் வீட்டிலேயே வளர்ந்த ஜஸ்டின் என்ற பெண் மேல். உண்மை என்ன என்று விக்டருக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. அவளைத் தூக்கில் போடுகிறார்கள்.

எனக்கு வயிற்றைக் கலக்கிய இடம் இதுதான். பிணம் எழுந்து உட்கார்ந்த இடம் இல்லை.

காஸ்மிக் ஹாரர் என்றதும் நம்மில் பலருக்கு லவ்கிராஃப்ட் ஞாபகம் வருவார். அவரே 1927இல் எழுதிய நீண்ட கட்டுரையில், இந்த நாவலில் அந்தப் பிரபஞ்ச பயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் இரண்டு பயத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பிரபஞ்சத்துக்கு நாம் இருப்பதே தெரியாது என்பது லவ்கிராஃப்ட் காட்டும் பயம். மேரி காட்டுவது வேறு: படைத்தவனுக்கு உன்னைத் தெரியும், ஆனால் 'நீ எனக்கு வேண்டாம்' என்கிறான். எது மோசம்? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

எழுதத் தொடங்கியபோது மேரிக்கு 18 வயது. நமக்கு செகண்ட் இயர் நடக்கும் வயசு! 1815இல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அந்தச் சாம்பலும் புகையும் வானத்தில் பரவியதில் 1816இல் ஐரோப்பாவுக்குக் கோடையே சரியாக வரவில்லை. ஜெனிவா ஏரிக்கரையில் மழையால் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த கூட்டத்தில், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்றார் கவிஞர் பைரன். அப்படிப் பிறந்தது இது. மேரி பிறந்த சில நாட்களிலேயே அவள் அம்மா இறந்துபோனார். முந்தைய வருஷம்தான் தன் முதல் குழந்தையை அவள் பறிகொடுத்திருந்தாள். பிறந்ததும் தனித்துவிடப்படும் உயிரைப் பற்றி எழுத அவளுக்குக் கற்பனை மட்டும் தேவைப்பட்டிருக்காது.

இதை ஏன் இன்ஜினியரிங் படிக்கிற உங்களிடம் சொல்கிறேன்? நானும் ஒரு முறை ஓடியவன்.

எங்கள் வீடு மேற்கு மாம்பலத்தில். இங்கே லேக் வியூ ரோடு என்று ஒரு சாலை உண்டு. வியூ பார்க்கலாம் என்று போகாதீர்கள், ஏரி கிடையாது. இந்தப் பக்கம் இருந்த பெரிய ஏரி 1920களில் தி.நகர் உருவானபோது வற்றடிக்கப்பட்டு மனைகளானது. நாம் மறந்துவிட்டோம். தண்ணீர் மறக்கவில்லை, மழைக்காலத்தில் பழைய வீட்டைத் தேடிக்கொண்டு வருகிறது.

அதனால் மினி புராஜெக்ட்டுக்கு நானும் இரண்டு நண்பர்களும் ஒரு வெள்ள அலாரம் செய்தோம். கேட் பக்கத்தில் சென்சார், வாட்ச்மேன் ரூமில் பஸர். தண்ணீர் ஏறினால் கத்தும். வீடியோ எடுத்தோம், ரிவ்யூவில் காட்டினோம், நல்ல மார்க். அதோடு அதை மறந்தாச்சு. பேட்டரி மாற்றணும் என்றுகூட யாரிடமும் சொல்லவில்லை.

டிசம்பரில் ஒரு ராத்திரி கொட்டித் தீர்த்தது. பஸர் கத்தவில்லை. கீழ்வீட்டில் தனியாக இருக்கும் தாத்தா விழித்தபோது கட்டிலுக்கடியில் தண்ணீர். நல்லவேளை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஃபிரிட்ஜும் பாட்டி போட்டோக்கள் இருந்த பெட்டியும் போச்சு. காலையில் வாட்ச்மேன் அண்ணன் என்னிடம் சொன்னார்: "முன்னெல்லாம் மழை பெஞ்சா ராத்திரி ரெண்டு தடவ எழுந்து பாப்பேன் தம்பி. இப்ப உங்க மெஷின் கத்தும்னுதான் படுத்துட்டேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது. நாங்கள் எதையும் செய்யாமல் இருந்திருந்தால் அவர் எழுந்து பார்த்திருப்பார்.

இந்த நாவலை 'கடவுள் வேலையில் கை வைக்காதே, விஞ்ஞானம் ஆபத்து' என்று சுருக்கிச் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். விக்டர் செய்தது தப்பில்லை, செய்துவிட்டு ஓடினது தப்பு. இதை எந்த செமஸ்டரிலும் நமக்குச் சொல்லித்தருவதில்லை. டெமோ முடிந்தால் முடிந்தது என்றுதான் பழகுகிறோம். நாளைக்கு நம்மில் யாரோ ஆப் செய்வோம், பாலம் கட்டுவோம், ஏஐ மாடல் பழக்குவோம். அதை நம்பி எங்கோ ஒருத்தர் படுத்துத் தூங்குவார்.

நாவலில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. நடுவில் இழுக்கும். விக்டர் அழுகிற பக்கங்கள் கொஞ்சம் ஓவர். தற்செயல்கள் அதிகம். பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் 'பிரேத மனிதன்', அப்புறம் மேரியின் மூலம் என்று படியுங்கள். அந்த ஜீவன் பனிமலையில் விக்டரை நிறுத்தி, தன் கதையைக் கேள் என்று கெஞ்சும் இடம் வரும்போது போனைத் தூர வைத்துவிடுங்கள்.

பேட்டரியை மாற்றிவிட்டேன். மாதம் ஒருமுறை சென்சார் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறேன். கத்துகிறது. வாட்ச்மேன் அண்ணனிடம் மட்டும், மழை வந்தால் நீங்களும் ஒரு தடவை எழுந்து பாருங்கண்ணே என்று சொல்லியிருக்கிறேன்.