கை தளர்ந்த மகவும் கைகொடுக்கும் பெற்றோரும்

மாந்தர்க்கு வரும் நோய்கள் பல. அவற்றுள் முதிர்ந்தோர்க்கு வருவனவற்றை அவர் தாமே எடுத்துச் சொல்லவும், பொறுக்கவும், மருந்துண்ணவும் வல்லர். பேசவறியாப் பச்சிளங் குழந்தைக்கு வரும் நோயோ அத்தன்மைத்தன்று. நோவு குழந்தையினுடையது, அதனைச் சொல்லும் வாயும், பொறுக்கும் நெஞ்சும், ஆவது இன்னதெனத் துணியும் அறிவும் பெற்றோருடையன. ஆதலின் குழந்தையின் பிணியைப்பற்றி எழுதுவோர் மருந்தையும் மருத்துவரையும் எழுதிப் பெற்றோரை எழுதாது விடுவாராயின், அவ்வெழுத்துப் பாதியேயாகும். பிறப்பின்போது கையின் நரம்பு ஊறுபட்டு, அதன்பொருட்டு ரணசிகிச்சைக்கு உட்படும் குழந்தையின் தாயுந் தந்தையும் ஒருவர்க்கொருவர் எங்ஙனம் துணையாதல் வேண்டும் என்பதும், அத்தகைய பெற்றோர் தம்போன்ற பிறர்க்கு எங்ஙனம் துணையாதல் கூடும் என்பதுமே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

முதற்கண் நோயின் இயல்பைச் சிறிது கூறுவாம். கழுத்தின் பக்கத்தே தண்டுவடத்தினின்று ஐந்து நரம்பு வேர்கள் புறப்பட்டு, ஒன்றோடொன்று பின்னிக் காறையெலும்பின் கீழே சென்று, தோள் முதல் விரல்நுனி வரை கை முழுவதையும் ஆள்கின்றன. இதனை மருத்துவ நூலார் பிரேக்கியல் பிளெக்ஸஸ் என்பர். நாம் கைநரம்புப் பின்னல் எனலாம். மகப்பேற்றின்போது தலை வெளிவந்தபின் தோள் தாயின் இடுப்பெலும்பில் சிக்கிக்கொள்ளுமாயின், இப்பின்னல் இழுபட்டு ஊறடைதல் உண்டு. 1000 பிறப்புக்களில் ஏறத்தாழ 1 முதல் 3 வரை இவ்வூறு நிகழ்கின்றது. குழந்தை உருவிற் பெரிதாயிருத்தல், தாய்க்கு நீரிழிவு இருத்தல் முதலியன இதற்கு ஏதுவாகலாம். ஆயினும் முன்னறிய இயலாமல் நிகழ்வனவும் பல. நரம்பு இழுபட்ட அளவில் நின்றிருக்குமாயின் சில திங்களில் கை தானே தேறிவிடும். பெரும்பாலான குழந்தைகள் இவ்வாறு தேறுவனவே. நரம்பு அறுந்தோ வேரோடு பறிந்தோ போயிருக்குமாயின் தானே தேறாது. கை தோளினின்று தொங்கும், உள்நோக்கித் திரும்பும், முழங்கை மடங்காது.

இந்நோய் குடிசைக்கே உரியதன்று. 1859-ஆம் ஆண்டில் பெர்லின் அரண்மனையிற் பிறந்து, பின்னர் ஜெர்மனியின் பேரரசனான இரண்டாம் வில்ஹெல்மின் இடக்கை பிறப்பிலேயே இங்ஙனம் ஊறுற்றது. அப்பொழுதே கொன்ற முயலின் உடலுள் அக்கையை வைத்துச் சூடேற்றினர், மின்சாரம் பாய்ச்சினர், நல்ல கையைக் கட்டிவைத்து நலிந்த கையை இயக்கத் தூண்டினர். கை தேறவில்லை, வாழ்நாள் முழுதும் அது குறுகியே நின்றது. அவன் அன்னை இங்கிலாந்து அரசி விக்டோரியாவின் மூத்த மகள். மருத்துவர் பலர் சூழவிருந்தும் அவள் தன் துயரைக் கடல்கடந்து தன் தாய்க்குக் கடிதங்களில் எழுதினாள். அரண்மனையில் பொருளுக்குக் குறைவில்லை. நெஞ்சின் சுமையை இறக்கி வைக்க வேண்டுவது பொருளன்று என்பதற்கு இஃதொரு சான்று.

அக்காலத்துக்கும் இக்காலத்துக்கும் வேற்றுமை பெரிது. 1874-இல் வில்ஹெல்ம் எர்ப் என்னும் ஜெர்மானிய மருத்துவர் இவ்வாதம் எந்நரம்புகளின் ஊற்றால் வருவதெனத் தெளிவாக்கினார். 1903-இல் கிளாஸ்கோ நகரத்து ராபர்ட் கென்னடி என்பார் ஊறுபட்ட நரம்புகளைத் தைத்த செய்தியை வெளியிட்டார். எனினும் ஊனக்கண்ணால் நோக்கிச் செய்த அத்தொழில் நெடுநாள் நிலைபெறவில்லை. நுண்ணோக்கியின் துணையால் மயிரினும் மெல்லிய இழைகொண்டு தைக்கும் வகை வந்தபின்னரே, 1970-களின் பிற்பகுதியில், பாரிஸ் நகரத்து அலேன் ஜில்பெர் முதலியோரால் இது மீண்டும் தளிர்த்தது. இன்று மூன்றாந் திங்களில் குழந்தை முழங்கையை மடக்குகின்றதா என மருத்துவர் உற்று நோக்குகின்றனர். மடக்காதாயின், பெரும்பாலும் 3 முதல் 9 திங்களுக்குள் ரணசிகிச்சை செய்வதைப்பற்றி ஆராய்கின்றனர். கணைக்காலின் பின்புறத்தினின்று தொடுவுணர்ச்சிக்குரிய நரம்பொன்றை எடுத்துத் துண்டாக்கி, அறுந்த இடத்திற் பாலம்போல் வைத்துப் பொருத்துகின்றனர். வேரோடு பறிந்தவிடத்து அண்டையிலுள்ள நல்ல நரம்பினின்று ஒரு பகுதியைத் திருப்பிவிடுதலும் உண்டு.

இனி, இச்சிகிச்சையின் பயன் உடனே தோன்றுவதன்று. ஒட்டிய நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அளவே வளரும். நெற்பயிர் நாற்றுவிட்ட நாள்முதல் அறுவடைவரை வளரும் காலத்திலும் அது ஒரு சாணைக்கூடக் கடவாது. எனவே, மாதக்கணக்கிற் கையில் அசைவொன்றும் தோன்றாது. தசையோ, நரம்பின் ஆட்சியின்றி ஏறத்தாழ ஒன்றரையாண்டு கிடப்பின் மீளாவகை நலிந்துவிடும். ஆகவே இந்நோயிற் காலம் இருமுறை பெற்றோரைச் சோதிக்கின்றது: சிகிச்சைக்கு முன் விரைந்து துணியவேண்டும், சிகிச்சைக்குப் பின் பொறுத்துக் காத்திருக்கவேண்டும். விரைவும் பொறுமையும் ஒருவர் நெஞ்சில் ஒருங்கே நிற்றல் அரிது. துணையின் இன்றியமையாமை இதனாலேயே விளங்கும்.

அத்துணை முதலில் கணவன் மனைவியரிடையே தொடங்குதல் வேண்டும். நம் வீடுகளில் இத்தகைய குழந்தை பிறந்தவுடன் எழும் வினா, 'ஆவதென்ன?' என்பதன்று, 'யார் செய்த பிழை?' என்பதே. தாய் உண்டதும், நடந்ததும், முக்காததும் குற்றங்களாகப் பேசப்படும். இப்பேச்சு உறவினர் வாயினின்று வருங்கால், அதனை நிறுத்தும் கடன் கணவனுடையது. அவன் வாளாவிருப்பானாயின் அவ்வாய்மூடலையே மனைவி தீர்ப்பாகக் கொள்வாள். தந்தைக்கும் கண்ணீருண்டு, ஆனால் 'நீ ஆண்பிள்ளை, தைரியமாயிரு' என்பதன்றி அவனிடம் ஒருவரும் ஒன்றுங் கேட்பதில்லை. அவன் துயரைக் கேட்டறிதல் மனைவியின் அன்புக்குரியது.

அன்பு சொல்லளவில் நில்லாது தொழிலாகவும் வேண்டும். மயக்க மருந்து கொடுப்பதற்கு 4 மணி நேரத்துக்கு முன்பிருந்து குழவிக்குத் தாய்ப்பாலும் ஊட்டலாகாது. பசித்தழும் குழந்தை தாயின் மணம் அறிந்து மேலும் அழும். ஊட்டமுடியாத தாயோ அதனினும் அழுவாள். அந்நேரத்திற் குழந்தையைத் தோளிலிட்டுத் தாழ்வாரத்தில் உலாவவேண்டியவன் தந்தையே. சிகிச்சைக்குப்பின் ஏறத்தாழ மூன்று வாரம் கை அசையாமற் கட்டப்பட்டிருக்கும். கட்டவிழ்த்தபின், துணி மாற்றுந்தோறும் தோளையும் முழங்கையையும் மெல்ல இயக்கி, மூட்டு இறுகிவிடாமற் காத்தல்வேண்டும். இப்பயிற்சியைத் தாய் ஒருத்தியே கற்றிருப்பாளாயின் அவளுக்கு ஒருநாளும் ஓய்வில்லை. அவள் காய்ச்சலிற் கிடந்தால் குழந்தையின் கையும் உடன் கிடக்கும். ஆதலின் இருவரும் அதனைக் கற்றல் வேண்டும். 'எனக்கு வேலையுண்டு' என்று விலகும் தந்தை, தான் ஈட்டும் பொருள் யாருக்கென்று எண்ணிப்பார்ப்பானாக.

இரண்டாவது துணை, அவ்வழியை முன் நடந்த பெற்றோர் பின் வருவோர்க்கு ஆகுந் துணை. நம் உறவினர் வீட்டுக் குழந்தையொன்றுக்கு இச்சிகிச்சை நடந்தபோது நாம் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திற் காத்திருந்தோம். பல மணிநேரம் கதவு திறக்கவில்லை. உடன்வந்தோருள் ஒருவர், எல்லாம் நன்மைக்கே என்றார். ஒரு பாட்டி, எண்ணெய் தேய்த்து நீவியிருந்தால் போதுமே என்றாள். இரண்டுமே தாயின் நெஞ்சைச் சுட்டன. அப்பொழுது, தன் மகனை மறுபரிசோதனைக்கு அழைத்துவந்த கிராமத்துப் பெண்ணொருத்தி அருகில் வந்தமர்ந்தாள். மகனுக்கு வயது இரண்டிருக்கும். அவள் ஆறுதல் ஒன்றும் கூறவில்லை. சிகிச்சை பெற்ற கையிலே ஒரு முறுக்கைக் கொடுத்தாள். சிறுவன் முழங்கையைச் சற்றே பக்கவாட்டில் உயர்த்தி, வளைத்து, அதனை வாய்க்குக் கொண்டுபோனான். தாய் அதனையே பார்த்திருந்து, "எத்தனை மாதத்தில் அம்மா?" என்றாள். "முதல் அசைவு ஏழாம் மாதத்தில் தெரிந்தது அக்கா. அதுவரை ஒன்றுமே தெரியாது. அப்பொழுது மனத்தை விட்டுவிடாதீர்கள். இன்னமும் கை முதுகுப்பக்கம் போவதில்லை, சட்டை நான்தான் போட்டுவிடுகிறேன்" என்றாள் அவள். அவ்விரண்டு மூன்று வாக்கியங்களில் நம்பிக்கையும் இருந்தது, மெய்யும் இருந்தது. நம்மனோர் கூறிய ஆறுதல்களில் நம்பிக்கை இருந்தது, மெய் இல்லை.

இதற்கு மாறாகக் கூறுவோர் இருதிறத்தார். மருத்துவமறியாதார் மருத்துவமறியாதாரிடம் கேட்பது குருடனுக்குக் குருடன் வழிகாட்டுவதாம் என்பர் ஒருசாரார். இது முற்றும் பொய்யன்று. ஒரு குழந்தைக்கு அறுந்தது இரு நரம்பு, மற்றொன்றுக்கு ஐந்தும். ஒன்றின் முடிவைக் கொண்டு மற்றொன்றின் முடிவை உரைத்தல் தீங்காகும். ஆனால் நாம் வேண்டுவது மருத்துவ உரையன்று. மயக்க அறையின் வாயிலில் நிற்பது எத்தன்மைத்து, அசைவில்லாத மாதங்களை எங்ஙனம் கழிப்பது, தூரத்து ஊரினின்று வருவோர் எங்குத் தங்குவது என்பனவற்றை ரணவைத்தியர் அறியார். அறிந்தாள் அக்கிராமத்துப் பெண். தானறிந்ததைச் சொல்பவன் குருடனல்லன்.

பிறர் துன்பத்தைக் காண்பது தன் துன்பத்தை மிகுவிக்குமேயன்றிக் குறைக்காது என்பர் மற்றொருசாரார். துன்பத்தை மட்டும் பேசும் கூட்டமாயின் அங்ஙனமே ஆகும். ஆயினும், தனித்திருப்பவன் தன் துன்பம் உலகில் ஒருவர்க்கும் இல்லாதது என்று எண்ணுகின்றான்; அவ்வெண்ணமே துன்பத்துட் கொடியது. அஃது இன்னொருவரைக் கண்டவளவில் நீங்கும். மேலும், மிக முக்கியமான பயன் ஒன்றுண்டு. நீவினால் போதும், வயது வந்தால் சரியாகிவிடும் என்று நம்பிக் காலங்கழிக்கும் குடும்பங்கள் நம் நாட்டிற் பல. ஒன்றரை வயதிற் குழந்தையைத் தூக்கிவருவோர்க்கு நரம்பை ஒட்டும் காலம் கடந்துபோய்விடுகின்றது. பிற்பாடு தசைநாணை மாற்றிக் கட்டும் சிகிச்சைகள் உளவாயினும் அவை இழந்ததை முழுதும் தருவனவல்ல. மருத்துவர் சொல்லை ஐயுறும் பாட்டியும் தன்போன்ற குடும்பத்தாள் ஒருத்தியின் சொல்லை நம்புவாள். ஆகவே இத்துணை வெறும் ஆறுதலன்று. ஒரு குழந்தையின் கையே அதனால் மீளக்கூடும்.

நம் நாட்டிற்கு இது புதியதொரு நெறியுமன்று. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1940-களின் இறுதியில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் நரம்பிழந்து மடங்கிய கைகளைத் தசைநாண் மாற்றிச் சீர்செய்தார். கையைச் சீர்செய்தது மட்டும் போதாதென அவர் கண்டார். சிகிச்சை பெற்றோர் ஒருங்கே வாழ்ந்து, அக்கைகளாலேயே தொழில் பயின்று, ஒருவரைக்கண்டு ஒருவர் ஊக்கமுறுமாறு சிற்றூர்போன்ற நிலையமொன்றை அவ்வளாகத்தில் அமைத்தார். திறந்த கையைப் பழக்குவது ரணவைத்தியன் கத்தியன்று. உடனிருப்போர் கூட்டமே என்பது அதனாற் புலனாயிற்று.

அங்ஙனமாயின் செய்யவேண்டுவன யாவை? மருத்துவராக விளங்கும் நம் கல்லூரிப் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்: இத்தகைய குழந்தைகளை மாதத்தில் ஒரே நாளில் வரச் சொல்லுங்கள். வேறு செலவொன்றுமின்றி ஒரு விசுப்பலகையே பெற்றோர்க்குக் கழகமாகிவிடும். விரும்புவோரின் இசைவு பெற்று, புதியோரைப் பழையோர்க்கு அறிமுகம் செய்யுங்கள். அப்பெற்றோர்க்கு மூன்று சொல்வோம்: பிற குழந்தையோடு உங்கள் குழந்தையை ஒப்பிடாதீர்கள், மருந்தும் மருத்துவமும் கூறாதீர்கள், குறையாய் நின்றதை மறைத்து வெற்றியை மட்டும் சொல்லாதீர்கள்.

தமிழ் பயிலும் நமக்கும் ஒரு பணியுண்டு. ஆஸ்பத்திரியினின்று வீடு செல்லும் தாயின் கையில் தரப்படும் சீட்டுப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளது. எந்த மூட்டை எத்தனை முறை இயக்குவது, எக்குறி கண்டால் உடனே திரும்பி வருவது என்பவற்றை அவள் படித்தறியும் எளிய தமிழில், மருத்துவர் சரிபார்க்க, நான்கு பக்கத்தில் எழுதித்தர நம்மால் இயலாதா? யாப்பும் அணியும் கற்றோம். ஒரு தாய்க்கு விளங்க எழுதுதலையும் கற்போமாக.

நட்பின் இலக்கணம் கூறப்புகுந்த வள்ளுவர் அதற்கு உவமையாகக் கையையே தேர்ந்தார். ஆடை நழுவுங்கால் ஏவுவாரின்றி அக்கணமே விரைவது கை. அங்ஙனம் விரையமாட்டாத கையோடு பிறந்த குழந்தைகள் நம்மிடையே உள்ளன. அவற்றின் நரம்பு ஒருநாளைக்கு ஒரு நூலளவும் வளராது. அது வளருமளவும் விரையவேண்டிய கைகள் தாயுடையன, தந்தையுடையன, அவ்வழி முன்சென்ற பெற்றோருடையன, நம்முடையனவும் ஆம்.