ஒட்டாத தவாவும் ஒற்றை அறையும்

பண்டிகைக் காலம் நெருங்கினால் மும்பையின் பாத்திரக் கடைகளில் "பழையதைக் கொடுத்துப் புதியதை எடுத்துச் செல்லுங்கள்" என்ற அறிவிப்புத் தொங்குவது வழக்கம். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் அன்டாப்ஹில்லிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், ஊரிலிருந்து ரயிலில் சுமந்து வந்த இரும்புத் தோசைக் கல் இவ்வாறு எடைக்குப் போய்விடுகிறது. அந்த இடத்திற்குப் பளபளக்கும் நான்-ஸ்டிக் தவா வந்து சேர்கிறது. எண்ணெய் மிச்சம், தேய்க்கும் வேலை மிச்சம் என்கிறார்கள். விடியற்காலையில் சமைத்து வைத்துவிட்டு லோக்கல் வண்டியைப் பிடிக்க ஓடும் பெண்கள் இப்படிச் சொன்னால் அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும், கொடுத்தது எது, வாங்கியது எது என்று ஒரு முறை கணக்குப் பார்ப்பது அவசியம்.

ஒட்டாத தன்மையைத் தருவது பி.டி.எஃப்.இ. என்னும் செயற்கைப் பொருள். 'டெஃப்லான்' என்ற வணிகப் பெயரே மக்களுக்குப் பழக்கம். 1938-ல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் என்ற ரசாயன அறிஞர் வேறொரு ஆராய்ச்சியின்போது தற்செயலாகக் கண்டது இது. மிதமான சூட்டில் சாதுவான பொருள்தான். சுமார் 260 பாகை செல்சியஸைத் தாண்டினால் கெடத் தொடங்குகிறது. 350-ஐக் கடந்தால் வேகமாகச் சிதைந்து நச்சுப் புகையை வெளியிடுகிறது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டியோ இன்னும் எச்சரிக்கையாக, 170 பாகைக்கு மேல் போவதே ஆபத்து என்றும், காலிச் சட்டியை அடுப்பில் விட்டுவிடக் கூடாது என்றும் கூறுகிறது.

தோசை சுடும் முறையை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். கல்லை வெறுமனே அடுப்பில் ஏற்றிக் காயவிடுவது, தண்ணீர் தெளித்துச் 'சுர்' என்ற சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பது, பிறகே மாவை ஊற்றுவது என்பது தலைமுறை தலைமுறையாக வந்த கைப்பழக்கம். இரும்புக்கு இது பொருத்தம். பூச்சுத் தவாவுக்கோ இதைவிடக் கெடுதல் வேறில்லை. பெரிய தீயில் காலித் தவா ஒரு சில நிமிடங்களிலேயே 260 பாகையை எட்டிவிடக் கூடும். தெளித்த நீர்த் துளி முத்தைப் போல் உருண்டோடினாலே சூடு 200 பாகையை ஒட்டி வந்துவிட்டது என்று அறியலாம். காய்ந்த தவாவில் குளிர்ந்த நீர் பட்டால் தகடு வளையும், பூச்சு விரியும். நான்-ஸ்டிக்கில் தோசை சுடுவோர் தீயைக் குறைத்துவைத்து, எண்ணெய் தடவிய பிறகே அடுப்பில் ஏற்றுவது நல்லது.

தனிச் சமையலறையும் புகைபோக்கியும் உள்ள வீட்டில் நேரும் தவறு வேறு, ஒற்றை அறையில் நேரும் தவறு வேறு. சமைப்பதும் அங்கேதான், குழந்தையைக் கிடத்துவதும் அங்கேதான். தவாவை அடுப்பில் வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனவர் வரிசையில் அகப்பட்டுக்கொண்டால் என்னவாகும்? அந்தப் புகையைச் சுவாசித்தவர்களுக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிர், காய்ச்சல், இருமல், நெஞ்சில் இறுக்கம் வரலாம். பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும். மழைக்காலத்தில் அதை மற்றொரு காய்ச்சலாகவே எண்ணி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். கூண்டுப் பறவைகளுக்கோ அது உயிரையே பறித்துவிடும். அடுப்புக்கு அருகே கிளிக் கூண்டு தொங்கும் வீடுகள் இதை மறக்கலாகாது.

'பி.எஃப்.ஓ.ஏ. இல்லாதது' என்ற சீட்டைக் கண்டு எல்லாம் பத்திரம் என்று எண்ணிவிடவும் கூடாது. அது பூச்சுப் பொருளைத் தயாரிக்கையில் பயன்பட்டுவந்த வேறொரு ரசாயனம். அமெரிக்காவின் பார்க்கர்ஸ்பர்க் வட்டாரத்தில் குடிநீரில் அது கலந்ததால் எழுந்த வழக்குகள் 2017-ல் 67 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு தரும் உடன்பாட்டில் முடிந்தன. 2019-ல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் விலக்கு வேண்டிய பொருள்களின் பட்டியலில் அது சேர்ந்தது. 2023-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அதைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியது. அது நீங்கியது நல்லதே. ஆனால் பி.டி.எஃப்.இ. பூச்சு அப்படியேதான் இருக்கிறது. அதிகச் சூட்டில் அது கெடுவதும் மாறவில்லை. 'கிரானைட்', 'மார்பிள்' என்ற பெயர்களிலும் மயங்க வேண்டாம். பெரும்பாலும் அதே பூச்சின் மேல் தூவிய புள்ளிகளே அவை. செராமிக் பூச்சு கூடுதல் சூடு தாங்கும். ஒட்டாத குணத்தை அது சீக்கிரமே இழந்துவிடுகிறது.

வாங்குவதென்றால் கையில் தூக்கிப் பார்த்து வாங்க வேண்டும். நடைபாதையில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய தகடு ஒரே இடத்தில் தீய்ந்து, சில மாதங்களில் பூச்சு உரியும். அடிப்பாகம் 3 மி.மீ. கனமாவது இருப்பது நன்று. இண்டக்ஷன் அடுப்பு உள்ளவர்கள் ஒரு காந்தத்தை எடுத்துச் செல்லட்டும்; அடியில் ஒட்டாவிட்டால் அந்தத் தவா அவர்களுக்கு உதவாது. பலர் சேர்ந்து தங்கும் அறைகளில் இந்தத் தவாவே வேண்டாம் எனலாம். இன்று சமைப்பவர் மரக் கரண்டி பிடிப்பார், நாளை வருபவர் எவர்சில்வர் கரண்டியால் சுரண்டுவார், மூன்றாமவர் கம்பி நாரால் தேய்ப்பார். உரிந்த துணுக்கு வயிற்றுக்குள் போனால் செரிக்காமலே வெளியேறிவிடும் என்பது பொதுவான கருத்து. என்றாலும் பூச்சுப் போன அலுமினியத்தில் புளிக்குழம்பு வைப்பது தகாது. அந்தச் சட்டியை ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையை மத்திய அரசு 2024 மார்ச்சில் பிறப்பித்தது. பூச்சிட்ட அலுமினியமும் அந்தத் தர விதிக்குள் அடங்கும். முத்திரையோடு உள்ள உரிம எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' என்ற கைபேசிச் செயலியில் சரிபார்க்கலாம். ஆனால் எவ்வளவு சூடு தாங்கும், காலியாக ஏற்றக் கூடாது என்ற இரண்டு வரிகளைத் தவாவின் அட்டையில் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அச்சிடுவதில் உற்பத்தியாளருக்கு என்ன நஷ்டம்? அதிகாரிகள் இதை வற்புறுத்த வேண்டும். முத்திரையில்லாச் சரக்கு கடைத்தெருவுக்கு வருவதையும் தடுக்க வேண்டும்.

முட்டைக்கும் ஆம்லெட்டுக்கும் ஒரு சிறிய நான்-ஸ்டிக் சட்டி வீட்டில் இருந்துவிட்டுப் போகட்டும். தோசைக்கும் வறுவலுக்கும் இரும்பே போதும். மும்பை மழையில் துருப்பிடித்துவிட்டதே என்று கல்லை எடைக்குப் போடுகிறவர்களே அதிகம். துரு போகத் தேய்த்துக் கழுவி, அடுப்பில் ஈரம் உலர்த்தி, நல்லெண்ணெயை மெல்லப் பூசி, சன்னலைத் திறந்து வைத்துப் புகை வரும்வரை காயவிட்டு ஆறவிட வேண்டும். இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்து, பாதி வெங்காயத்தால் எண்ணெய் தேய்த்து ஊற்றினால் முதல் சில தோசைகள் பிய்ந்து வரும். அதன்பிறகு கல் பழகிவிடும்.